கையும் கர்த்தாவும்

மாசி மகத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. யாழ்ப்பாணத்திலே நான்கு ஆண்டு சித்திரக் கலை பயின்று ஊர் திரும்பியிருந்த ஒரு பெண், பழைய சாரமொன்றில் சுற்றிய மண்குடத்தைக் கைக்குழந்தையை அணைப்பதுபோல அணைத்துக்கொண்டு, திருவிழாக் கடைகளின் நெரிசலைக் கடந்து மாத்தளையிலுள்ள என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தாள். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் என்னிடம் சித்திரம் படித்தவள். சாரத்தை அவிழ்த்தபோது குடத்தின் தோளிலிருந்து வயிறு வரை மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு வளைந்து இறங்கியிருந்ததைக் கண்டேன். சூளையிலே நேர்ந்தது என்றாள்.

"இந்த வெடிப்ப நான் போடல சேர், நெருப்பு போட்டது. ஆனா பாக்குற எல்லாரும் இதத்தான் தொட்டுப் பாக்குறாங்க. நான் நாளெல்லாம் தேச்சு மினுக்குன பக்கத்த ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. அப்ப இதுல எது சேர் நான் செஞ்சது?"

அப்போது ஏதோ ஒரு சமாதானம் சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகுதான், அவள் கேட்டது ஒரு குடத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று என்பதும், இந்த உலகத்தைச் சுட்டிக்காட்டி இதிலே எதை எவர் செய்தார் என்று நம் தரிசனகாரர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விசாரித்து வந்த அதே கேள்வி, அவர்கள் உதாரணமாக எடுத்துக்கொண்ட அதே குடத்தோடு என் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறது என்பதும் எனக்கு உறைத்தன.

அவளுடைய படிப்பின் போக்கை ஊரிலே சிலர் குறையாகப் பேசியதுண்டு. முதலில் கரியும் பென்சிலும் கொண்டு கோட்டுச் சித்திரமே கதியென்று கிடந்தாள். பிறகு தாளை வைத்துவிட்டுச் சக்கரத்தின் முன் உட்கார்ந்து களிமண்ணைப் பிடித்தாள். கடைசி ஆண்டிலோ சித்திரமும் இல்லை, தனிக் குடமும் இல்லை, ஓரிடத்திலே பொருள்களைப் பரப்பி அடுக்கி இதுதான் என் படைப்பு என்றாள். மாணவர் வாயில் அதற்கு 'இன்ஸ்டலேஷன்' என்று பெயர்; எழுதுகிறவர்கள் தாபனக் கலை என்றும் நிறுவற்கலை என்றும் எழுதுகிறார்கள். ஒன்றிலும் நிலைக்காத பிள்ளை என்று அவளுடைய தகப்பனாரே என்னிடம் குறைப்பட்டார். என் அபிப்பிராயம் வேறு. கோட்டிலிருந்து மண்ணுக்கும் மண்ணிலிருந்து தாபனத்துக்கும் அவள் போனது, செய்கிறவளுடைய கை படிப்படியாக விலகி வழிவிடுகிற ஒரே பாதையின் அடுத்தடுத்த தங்குமடங்களைக் கடந்ததேயன்றி வேறில்லை. அந்தப் பாதைக்கு வேண்டிய சாட்சிகளோ வெளியூரில் தேடவேண்டாதபடி, மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீற்றர் நீளும் வீதியிலும் அதன் கிளைகளிலும் கிடக்கின்றன.

கோடு என்பது கர்வமுள்ள வஸ்து. வர்ணம் தாளின் ஈரத்தைச் சாக்குச் சொல்லலாம், சிற்பம் கல்லின் நரம்பைச் சாக்குச் சொல்லலாம். கோட்டுக்கு அப்படி ஒதுங்க ஒரு நிழலும் இல்லை. கை நடுங்கினால் நடுக்கம், கை துணிந்தால் துணிவு, இரண்டும் வரைந்தவனுக்கே உரியவை. ஆகவேதான் சித்திரம் பயிலும் இளைஞர் முதலில் அடைவது, கண்ணால் கண்டதைத் தாளில் கொண்டுவந்துவிட்டோம் என்னும் களிப்பைக் காட்டிலும், இதைக் கொண்டுவந்தவன் நான் என்னும் களிப்பே. அதைக் குற்றமென்று நான் சொல்ல மாட்டேன். முப்பது ஆண்டு சித்திரம் கற்பித்ததில், அந்தக் களிப்பு இல்லாத பிள்ளை இரண்டாம் தாளைக் கேட்டு வந்ததை நான் கண்டதில்லை.

ஆயினும் கோட்டின் கர்வத்தைக் காலம் எப்படி நடத்துகிறது என்பதற்குச் சிகிரியா இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் காலத்தில் அந்தப் பாறைக் குழிவில் எழுதப்பட்ட பெண்ணுருவங்களில் ஒன்றுக்கு மூன்று கைகள் இருப்பதை இன்றும் வழிகாட்டிகள் விரல் நீட்டிக் காட்டுவார்கள். மந்திரமும் இல்லை, தேவரகசியமும் இல்லை. முதலில் வரைந்த கையின் இருப்பு மனத்துக்குப் பிடிக்காமல் ஓவியன் அதை வேறிடத்தில் மாற்றி வரைந்திருக்கிறான், விலக்கிய கோடு விலக மறுத்துத் தெரிகிறது. ஆயிரத்தைந்நூறு ஆண்டு கழித்து அவனிடமிருந்து நமக்கு மிக அந்தரங்கமாக வந்து சேர்ந்திருப்பது அவன் மறைக்க விரும்பிய அந்தப் பிழைதான். பெயரோ வந்து சேரவில்லை. அந்தப் பெண்களைப் பார்க்க வந்து, கீழேயுள்ள பளிங்குச் சுவரிலே கவி கீறிவிட்டுப் போனவர்களில் பலர் தம் பெயரையும் சேர்த்தே கீறினார்கள். தொல்லியலாளர் பரணவிதான 1956இல் பதிப்பித்த 685 பாடல்களில் அவ்வாறு வந்துபோனவர்களின் பெயர்கள் பல இருக்கின்றன. பார்த்தவன் பெயர் நிலைத்தது, வரைந்தவன் பெயர் போயிற்று. இதைவிடக் கூர்மையான பரிகாசத்தை நான் எந்தக் கலைக் கூடத்திலும் கண்டதில்லை.

இன்னொரு கோடு அலுவிகாரையில் இருக்கிறது. மாத்தளையிலிருந்து வடக்கே சிறிது தூரத்தில், பெரும் பாறைகளின் இடுக்கில் அமைந்த அந்த விகாரையிலேதான், கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை பிக்குகளின் நாவிலே மட்டும் வாழ்ந்துவந்த திரிபிடகம் ஓலையில் எழுதப்பட்டது என்பது வரலாறு. 1848இல் மாத்தளைக் கலகத்தின்போது ஆங்கிலேயர் படையால் அங்கிருந்த ஏட்டுச் சாலை அழிந்தது. இன்றும் அங்கே போகிறவர்களுக்கு ஓலையில் எழுதிக் காட்டுவார்கள். எழுத்தாணி கீறிச் செல்லும்போது ஓலையில் ஏறக்குறைய ஒன்றும் தெரிவதில்லை; கீறி முடித்த பின் கரியும் எண்ணெயும் கலந்த மையைத் தடவித் துடைத்தால், கீறலுக்குள் மை தங்கி, எழுத்துகள் உள்ளேயிருந்து எழுந்து வருவதுபோலத் தோன்றும். என் மாணவியைச் சிறு வயதில் ஒருமுறை வகுப்போடு அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். எழுதினவர் கையை அவள் பார்க்கவில்லை. துடைத்தவர் துணியைத்தான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டின் முழு உரிமை கையினுடையதல்ல என்னும் சந்தேகத்தின் வித்து அன்றைக்கே விழுந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

கோட்டுக்கு உச்சமான இடம் கண் திறத்தல். நம் கோயில்களிலே நயனோன்மீலனம் என்றும், சிங்கள விகாரைகளில் நேத்திர மங்கலம் என்றும் வழங்கும் அந்தச் சடங்கில், கல்லாகவோ சுதையாகவோ இருந்த உருவம், கருவிழியின் கடைசிக் கோடு விழுந்த கணத்திலே தொழத்தக்கதாகிறது. கொழும்பிலே 1877இல் ஒரு தமிழ்த் தந்தைக்குப் பிறந்து, முதலில் கனிமவியல் ஆய்வாளராக இந்நாட்டின் கற்களைச் சோதித்துத் திரிந்து, பின்னர் கற்களைவிட்டுக் கைவினைஞரிடம் மனத்தைப் பறிகொடுத்த ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலில் இச்சடங்கை விவரித்திருக்கிறார். ஓவியன் உருவத்தை நேரே பார்த்துக் கண்ணை எழுதுவதில்லை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து எழுதுகிறான். எழுதி முடித்ததும் கண்ணைக் கட்டி வெளியே அழைத்துச் செல்கிறார்கள். கட்டை அவிழ்த்தவுடன் பார்வை விழும் பொருளை வாளால் வெட்டுகிறான். இதன் தாத்பரியத்தைப் பலர் பலவாறு சொல்வர். எனக்குத் தோன்றுவது இது: தன் கையால் பிறந்ததைத் தன் கண்ணால் நேரே காணும் உரிமை செய்தவனுக்கே மறுக்கப்படுகிற இடத்தில், கோட்டின் கர்வம் முறிகிறது. அதற்கு மேல் அந்தக் கோடு அவனுடையதல்ல. அவனும் மற்றவர்களைப்போல வாசலில் நின்று கும்பிட வேண்டியவன்தான்.

மண் வேறு விதமான ஆசிரியன். கோட்டிலே தன்னிச்சை கொண்ட கை மண்ணிடம் வந்ததும் பேரம் பேசக் கற்றுக்கொள்கிறது. பிசைந்த மண்ணில் காற்று தங்கினால் மன்னிப்பில்லை, சக்கரத்தின் நடுவில் நிற்காத உருண்டை குடமாகாது, உலரும்போது சுருங்கும், சுடும்போது மறுபடியும் சுருங்கும், ஆகவே ஒரு சாண் குடம் வேண்டுமென்றால் ஒரு சாணுக்கு மேலாகவே வனைய வேண்டும். இத்தனைக்கும் பிறகு அதைச் சூளையில் வைத்து வாயை அடைத்துவிட்டு வெளியே வந்து உட்கார வேண்டும். அங்கே கைக்கு வேலையில்லை. அவள் எனக்கு எழுதிய கடிதமொன்றில், முதல் முறை சூளை வைத்த இரவில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தாள்.

நம்முடைய சைவ சித்தாந்திகள் உலகத் தோற்றத்தை விளக்க நேர்ந்தபோதெல்லாம் குயவன் வீட்டுக்கே போனார்கள் என்பது யோசிக்கத்தக்கது. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்ட சிறு நூல். அதன் வழிவந்த மரபிலே, குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று பிரித்து, அவ்வாறே உலகத்துக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம் என்று பொருத்திக் காட்டுவது பாலபாடம். குடம் மண்ணில் முன்பே சூக்குமமாக உள்ளது, குயவன் அதை வெளிப்படுத்துகிறானேயன்றி இல்லாததை உண்டாக்கவில்லை என்பது அவர்களுடைய சற்காரியவாதம். அதெல்லாம் இல்லை, முன்பு இல்லாத குடம் புதிதாகவே பிறந்தது என்பர் நியாய வைசேடிகர். சாந்தோக்கிய உபநிடதத்து உத்தாலகரோ தம் மகன் சுவேதகேதுவுக்கு, ஒரு மண்கட்டியை அறிந்தால் மண்ணாலான எல்லாவற்றையும் அறிந்ததாகும், குடம் என்பது பெயரளவே, மண்ணே மெய் என்று போதித்தார். அத்துவிதிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு குடத்தைச் சுற்றி இவ்வளவு சண்டை நடந்திருக்கிறது. சண்டையிட்டவர்களில் எத்தனை பேர் ஒரு குடமாவது வனைந்து பார்த்தார்கள் என்று கேட்பது அபசாரமாகாது என்று நம்புகிறேன்.

ஏனெனில் வனைந்து பார்த்தவளுக்கு வந்த சந்தேகம் மேலே சொன்ன உதாரணங்களில் முன்வரிசையில் இல்லை. மண் உண்டு, சக்கரம் உண்டு, குயவன் உண்டு; நெருப்பு எங்கே? துணைக்காரணத்தோடு சேர்க்க வேண்டியதுதான் முறை. சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கவும் செய்கிறது. சூளைக்குள் ஏறத்தாழ 500 பாகைக்கு மேல் மண்ணோடு இரசாயனமாகப் பிணைந்திருந்த நீர் விட்டுப் போகிறது. அந்த எல்லையைத் தாண்டிய மண் எத்தனை மழையில் கிடந்தாலும் திரும்பக் களிமண்ணாவதில்லை. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்று நம் பாட்டிமார் சொல்வது இந்த இரசாயனத்தைத்தான். இந்த மாற்றத்தைக் கை செய்யவில்லை, சக்கரமும் செய்யவில்லை. துணைக்காரணத்தின் இடத்தில் சத்தியை வைத்த சித்தாந்திகள் பொருத்தமில்லாமல் வைக்கவில்லை. முத்துமாரியம்மன் குடிகொண்ட மாத்தளையிலே, கையில் தீச்சட்டி ஏந்தி நடக்கும் பெண்ணிடம் போய் மண்ணுக்கும் நெருப்புக்கும் என்ன சம்பந்தம் என்று எவரும் விளக்கத் தேவையில்லை.

இதே மாவட்டத்தில் வரக்காமுறையிலே, ஜப்பானிய நொரிடாக்கே நிறுவனத்தின் சம்பந்தத்தோடு 1970களிலே தொடங்கிய பீங்கான் தொழிற்சாலை இருக்கிறது. பீங்கானுக்கு வேண்டிய பெல்ட்ஸ்பார் கல்லும் இந்த மாவட்டத்து ஓவலையில் வெட்டப்படுவதுதான். அங்கே நெருப்பு பழக்கப்பட்ட யானையைப்போல வேலை செய்கிறது, ஒரு தட்டு போலவே ஆயிரமாவது தட்டும் வரும், வெடித்தது கழிக்கப்படும். நான் அதைத் தாழ்த்திச் சொல்லவில்லை, அந்த ஒழுங்கும் ஒரு தவந்தான். ஆனால் அங்கே சுட்டெடுத்த தட்டைப் பார்த்து இதில் எது நான் செய்தது என்று எவரும் கேட்பதில்லை. கேள்வி பிறக்க ஒரு வெடிப்பு வேண்டியிருக்கிறது.

வெடிப்பைப் பற்றிப் பிறகு ஒரு விவரம் வெளிவந்தது. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணல் 573 பாகையிலே திடீரென்று விரிவதும், ஆறும்போது அதே இடத்தில் திடீரென்று சுருங்குவதும் சூளைக்காரர் எல்லோரும் அறிந்தவை. ஆகையால் சூளையைத் திறப்பதில் அவசரம் ஆகாது. "நெருப்பு போட்டது என்றாயே, சூளையை எப்போது திறந்தாய்?" என்று கேட்டேன். சிறிது நேரம் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வவுனியா பஸ்ஸப் புடிக்கணும்னு விடியுறதுக்கு முன்னாடியே தொறந்துட்டேன் சேர்" என்றாள். அவள் அழுத்தித் தேய்த்த மினுக்கத்தை மட்டும் தன்னுடையது என்று எண்ணியிருந்தாள். அவளுடைய அவசரமும் குடத்தில் பதிந்திருந்தது, அதைத்தான் எல்லோரும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிகிரியாவின் மூன்றாவது கை எனக்கு ஞாபகம் வந்தது.

இனித் தாபனம். இந்தச் சொல்லை மேல்நாட்டுக் கலைப் பாஷையின் பெயர்ப்பென்று நினைப்பவர்கள் ஒருமுறை கோயில் யாகசாலைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே கும்பஸ்தாபனம் என்று ஒரு கிரியை நடக்கிறது. தரையிலே அரிசியைப் பரப்பி அதன்மேல் கோடிட்டுத் தாமரை வரைகிறார்கள். அந்தக் கோட்டின்மேல் குடத்தை வைக்கிறார்கள். குடத்தைச் சுற்றி நெருக்கமாக நூல் சுற்றுகிறார்கள், அது நாடி நரம்பு. உள்ளே நீர் நிரப்புகிறார்கள், அது குருதி. வாயில் மாவிலை செருகித் தேங்காய் வைக்கிறார்கள், அது தலை. கோடும் மண்ணும் சேர்ந்து, மந்திரத்தால் மூர்த்தியின் சரீரமாகிவிடுகின்றன. கிரியை முடிந்ததும் நீரை அபிஷேகத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள், நூலை அவிழ்க்கிறார்கள், குடம் மறுபடியும் குடம். என் மாணவி நான்கு ஆண்டில் தனித்தனியே கடந்துவந்த மூன்று துறைகளும் இங்கே ஒரு சாண் இடத்தில் ஒன்றாகக் கூடி, வேலை முடிந்ததும் கலைந்துவிடுகின்றன. குயவர் பெயரையோ நூல் சுற்றியவர் பெயரையோ பக்கத்தில் அட்டையில் எழுதி வைக்கும் வழக்கமும் இல்லை.

அட்டையைப் பற்றிச் சொன்னதால் என் மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். கண்காட்சிகளிலே நான் பார்த்த தாபனங்களில் பாதிக்கு மேல், கையின் உழைப்பைக் குறைத்துக்கொண்டு கர்த்தாவின் பெயரைப் பெரிதாக்கிக்கொண்டவை. கை விலகினால் அகங்காரமும் விலகிவிடும் என்று நினைப்பது பேதைமை. கோடு வரைகிறவனுடைய அகங்காரம் கோட்டளவாவது நிற்கும், மற்றவர் பொருளை எடுத்து அடுக்குகிறவனுடைய அகங்காரத்துக்கு அந்த எல்லையும் இல்லாமல் போகலாம். இதற்கு மாறான உதாரணமும் உண்டு. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் அமைத்த தாபனம், போர் கண்ட குடும்பங்கள் தம் வீடுகளிலிருந்து எடுத்துக் கொடுத்த சாதாரணப் பொருள்களால் ஆனது. எரிந்து மீண்ட கட்டடத்தில், இழந்தவர் கையிலிருந்து வந்த பொருள்கள். அங்கே கலைஞன் செய்தது இடம் கொடுத்தல். அந்த அளவுக்குத் தன்னைக் குறுக்கிக்கொள்ளக் கோட்டிலும் வண்ணத்திலும் நெடுநாள் பழகியவனாலேதான் முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாத்தளையின் பெருந்தாபனம் தேர். கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கி, காடும் காய்ச்சலும் கொள்ளைநோயும் தின்றது போக எஞ்சியவர்களாய்த் தம்புள்ளை வழியே நடந்து வந்த நம் முன்னோருக்கு மலைநாட்டின் வாசலாக இருந்த இவ்வூரில், 1874ஐ ஒட்டி எழுந்த முத்துமாரியம்மன் கோயிலில், மாசி மகத்திலே ஐந்து தேர்கள் வீதிவலம் வருகின்றன. 1983 ஜூலைக் கலவரத் தீ இக்கோயிலையும் தேர்களையும் விட்டுவைக்கவில்லை. பிறகு புதுத் தேர்கள் செய்தார்கள். 108 அடி இராஜகோபுரமும் எழுந்தது. வடத்தைப் பிடிக்கிறவர்கள் இது அம்மன் தேர் என்கிறார்களேயன்றி இது இரண்டாவது தேர் என்று சொல்வதில்லை.

மிலிந்தன் என்னும் கிரேக்க அரசனிடம் நாகசேன தேரர் தேரைத்தானே கேட்டார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? ஒன்றும் இல்லை என்றால் தேர் எங்கே? உறுப்புகளின் கூட்டத்துக்கு இட்ட பெயரே தேர், அப்படியே 'நான்' என்பதும் என்று முடித்தார். திரிபிடகம் ஏடேறிய மாவட்டத்தில் வாழ்கிற நமக்கு இந்த வாதம் அயலதன்று. இம்மாவட்டத்து நாலந்தாவுக்குப் போனால் கண்ணாலேயே காணலாம். பல்லவச் சாயலில் கல்லால் எழுந்து, சைவமும் பௌத்தமும் கலந்து நிற்கும் கெடிகே என்னும் அந்தக் கோயில், போவத்தென்னை நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்தபோது, கல் கல்லாகக் கழற்றப்பட்டு 1980களில் மேட்டிலே மறுபடி அடுக்கப்பட்டது. அங்கே கல் பழையது, இடம் புதிது. மாத்தளைத் தேரிலே மரம் புதிது, வீதி பழையது. இரண்டையும் அதே கோயில், அதே தேர் என்றுதான் சொல்கிறோம். நாகசேனர் சிரித்திருப்பார்.

ஆனால் நான் அவரோடு கடைசி வரை போக மாட்டேன். தேர் என்பது பெயரளவே, செய்கிறவன் என்று ஒருவனும் இல்லை என்றால், எரித்தவன் என்றும் ஒருவன் இல்லாமல் போகிறான். பௌத்தரிடம் இதற்கு விடை இல்லாமலில்லை. வினை தொடர்கிறது, பயன் தப்பாது என்பார்கள். ஆயினும் எரிந்த தேரின் கரிக்கட்டையைக் கையில் எடுத்தவனுக்கு அந்த விடை போதாது. 'கர்த்தா இல்லை' என்னும் வாக்கியம் படைத்தவன் வாயிலே பணிவாக ஒலிக்கும். கொளுத்தியவன் வாயிலே அதே வாக்கியம் ஒளிந்துகொள்ளும் புதராகும். அலுவிகாரையின் ஏடுகளை 1848இல் அழித்தவர்களும், சிகிரியாவின் பளிங்குச் சுவருக்கு மேலுள்ள பெண்ணுருவங்கள்மீது 1967இல் பச்சை வர்ணம் பூசியவர்களும் அந்தப் புதரில் இடம் கேட்கக்கூடும்.

ஆகவே குயவன் வீட்டுக்கே திரும்பினேன். மூன்று காரணங்களையும் பிரித்து வைத்த சித்தாந்தியே எனக்கு இங்கே நியாயமானவராகத் தெரிகிறார். கர்த்தா மூன்றில் ஒருவர்: எல்லாமும் அல்லர், இல்லாதவரும் அல்லர். மண்ணை உண்டாக்கியது நான் என்றால் அது ஆணவம். சூளையைத் திறந்தது நானல்ல என்றால் அதுவும் ஆணவத்தின் இன்னொரு வேஷம். இரண்டையும் விட்டு, என் பங்கு இவ்வளவு என்று அளந்து அறிவதற்கு, கோட்டில் தொடங்கி மண்ணில் தேய்ந்து தாபனத்தில் விலகும் அந்தப் படிப்பு உதவுமானால், அது கலைப் படிப்பு மட்டுமன்று, ஆன்ம விசாரமுந்தான் என்பது என் துணிபு. அதை அவளிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "மூணுல ஒருத்தி நீ" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அது பிடித்திருந்ததாகத் தெரியவில்லை.

திருவிழா முடிந்த வாரம், அவள் பிறந்த தோட்டத்து லயத்திலே ஆளில்லாமல் கிடந்த ஒரு காம்பராவைக் கழுவி, பளபளப்பு ஏற்றாத மண்குடங்களை வாசலிலிருந்து பின்சுவர் வரை வரிசை வரிசையாக வைத்தாள். ஒவ்வொரு குடத்தின் அடியிலும் ஒரு வீட்டு இஸ்தோப்பிலிருந்து அந்த வீட்டாரே அள்ளிக் கொடுத்த ஒரு பிடி மண். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. பெயர் எழுதிய அட்டை இல்லை. வேண்டாமென்று வைத்தாளா, மறந்தாளா என்று நான் கேட்கவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையோடு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழவி தண்ணீர் ஊற்றிவிட்டு, மன்னார் வழியாக வந்த தன் பாட்டனின் பெயரைச் சொல்லிக் குடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதை எவரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டாம் நாள் காலையில் நான் போனபோது, குடங்கள் இரவெல்லாம் கசிந்து, சீமெந்துத் தரையின் சாய்வைப் பிடித்து ஓடிய நீர் பின்சுவரிலிருந்து வாசல் வரை மெல்லிய கோடுகளாக இறங்கியிருந்தது. அவள் வாசற்படியில் கன்னத்தில் கையூன்றி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணி வெயிலில் காய்ந்துபோயிற்று.

குடங்களை லயத்துப் பெண்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள். வெடித்த குடத்தை மட்டும் அவள் என் வீட்டிலேயே விட்டுவிட்டாள். தண்ணீர் தாங்காது என்பதால் வீட்டில் அதிலே மிளகு போட்டு வைத்திருக்கிறார்கள்.